பாதி என்று சொன்ன நாள்

"பாதி சுருங்கியிருக்கு ஐயா."

அன்றைக்கு நான் சொன்னது இவ்வளவுதான். டாக்டர் திரையில் ஐயாவின் புற்றுநோய்க் கட்டிகளின் ஸ்கேனைப் பார்த்தபடி "பார்ஷியல் ரெஸ்பான்ஸ்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, தமிழில் சொல்லிவிடுங்கள் என்றார். நான் யோசிக்கவே இல்லை. பார்ஷியல் என்றால் பாதி என்றுதான் பள்ளிக்கூட நாளிலிருந்து மனதில் பதிந்திருந்தது. ஐயா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி "முருகா" என்றார். மறுநாளே அவர் புளோக்கில் பாதிப் பேருக்குச் செய்தி போய்விட்டது என்று அவர் மகள் சொன்னாள்.

சிங்கப்பூரில் புற்றுநோய் ஆய்வுப் பிரிவில் ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்த முதல் வருடம் ஒரு நோட்டுப் போட்டிருந்தேன். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். மருந்தின் பெயர் 'மேப்' என்று முடிந்தால் ஆய்வகத்தில் உருவாக்கிய எதிர்ப்புப் புரதம். 'டினிப்' என்று முடிந்தால் செல்லுக்குள் வளரச் சொல்லும் சமிக்ஞையை அடைப்பது, பெரும்பாலும் மாத்திரை. இதையெல்லாம் எளிதாகப் படித்துவிட்டேன். வலப்பக்கம்தான் சிரமம். 'டிரயல்' என்பதற்குச் சோதனை என்று சொன்னால், "என்னை வெச்சு சோதனை பண்றீங்களா?" என்று முகம் வெளுத்துவிடும். ஆய்வு என்று மாற்றிக்கொண்டேன். 'ஃபேஸ்', 'ஸ்டேஜ்' இரண்டுக்குமே தமிழில் கட்டம் என்றுதான் வாயில் வரும். "இது மூன்றாம் கட்ட ஆய்வு" என்று நான் விளக்கியதைக் கேட்ட ஓர் அம்மா, தனக்கு நோய் மூன்றாம் கட்டத்துக்குப் போய்விட்டது என்று நினைத்து அழுதார். அதற்குப் பிறகு நோய்க்கு நிலை, ஆய்வுக்குக் கட்டம் என்று பிரித்து வைத்தேன். யாருக்கு எந்த மருந்து என்று கணினி ஒதுக்குவதைச் சீட்டுக் குலுக்கல் என்று சொன்னேன், எல்லோருக்கும் புரிந்தது. இந்த வேலை எனக்குக் கைவந்துவிட்டது என்று அப்போது உண்மையாகவே நம்பினேன்.

ஐயா விஷயத்துக்கு வருகிறேன். கட்டிகளை அளப்பதற்கு 'ரெசிஸ்ட்' என்றொரு விதிமுறை இருக்கிறது. 2000-இல் வந்தது, 2009-இல் திருத்தினார்கள். அதிகபட்சம் 5 கட்டிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் நீளத்தைக் கூட்டுவார்கள். அந்தக் கூட்டுத்தொகை தொடக்கத்தில் இருந்ததைவிட 30 சதவீதமாவது குறைந்தால் பார்ஷியல் ரெஸ்பான்ஸ். ஐயாவுக்கு 80 மில்லிமீட்டர் இருந்தது 54 ஆகியிருந்தது. பாதி என்றால் 40 ஆகியிருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குகூட முழுசாகக் குறையவில்லை.

பொய் சொன்னேனா? தமிழில் பாதி என்பது எப்போதும் கணக்குச் சொல் அல்ல. 'பாதிப் பேர் வரல' என்கிறோம், 'பாதித் தூக்கம்' என்கிறோம். யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அடுத்த ஸ்கேன் வரைக்குமான ஒன்பது வாரமும் ஐயா நன்றாகச் சாப்பிட்டார். தேக்காவில் பேத்தியோடு தீபாவளித் துணி எடுத்தார். அந்த நாட்களை என் சொல்தான் அவருக்குக் கொடுத்தது என்று சில இரவுகளில் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சில இரவுகளில் அது நிற்காது.

அந்த ஸ்கேனில் கூட்டுத்தொகை 68. இந்த விதியில் வளர்ச்சியை அளப்பது தொடக்கத்திலிருந்து அல்ல, எப்போது மிகக் குறைவாக இருந்ததோ அந்த அளவிலிருந்து. அதிலிருந்து 20 சதவீதம் கூடினால் நோய் மீண்டும் வளர்கிறது என்று பொருள். 54 இருந்தது 68 ஆனால் கால் பங்குக்கும் மேல். ஆய்வு மருந்தை நிறுத்த வேண்டும்.

"பாதி போச்சுன்னு சொன்னியேம்மா. மீதிப் பாதிதானே இருக்கணும்?"

வேறு வழியில்லாமல் மூன்று எண்களையும் தாளில் எழுதிக் காட்டினேன். ஐயா தஞ்சோங் பகாரில் 1972-இல் கன்டெய்னர் முனையம் திறப்பதற்கு முன்பே டாலி கிளார்க்காகச் சேர்ந்தவர். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணி எழுதியே காலம் கழித்தவர். துறைமுக மலாயும் எண்களும் அவருக்கு அத்துப்படி. டாக்டர்கள் பேசும் ஆங்கிலம்தான் பிடிபடாது. தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"80-ஐ விட 68 குறைவுதானே? அப்புறம் ஏன் நிறுத்துறாங்க?"

மருந்துக்குக் கேட்டுக்கொண்டிருந்த கட்டி இப்போது கேட்கவில்லை, அதனால்தான் என்றேன். அதைச் சட்டென்று புரிந்துகொண்டார். பிறகு 54-இன் மேல் விரலை வைத்தார்.

"இந்த நம்பர் அன்னைக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும் ஐயா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பணம் கட்டுவது எந்த கவுண்டர் என்று கேட்டார்.

மருந்துக்குக் கேட்டிருக்கு. காய்ச்சல் இறங்காதபோது என் அம்மா தினமும் சொன்ன வார்த்தை, "மருந்துக்கே கேக்க மாட்டேங்குது" என்று. 'ரெஸ்பான்ஸ்' என்பதற்கு அதைவிடச் சரியான தமிழ் எனக்குத் தெரியாது. அது ஏன் முதல் நாளே வாயில் வரவில்லை? மருத்துவச் சொல் என்றால் அம்மாவின் பேச்சிலிருந்து எடுக்கக் கூடாது என்று நினைத்தேனோ? ஆனால் சொல் கிடைக்காதது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அதுவும் முழு உண்மை இல்லை. 80, 54 என்று இரண்டு எண்களைச் சொல்ல எந்த நோட்டும் தேவையில்லை. வயதானவர், கணக்கெல்லாம் எதற்கு என்று நான் முடிவு செய்துவிட்டேன். வாழ்நாள் முழுவதும் எண்ணியவருக்காக.

நோட்டில் பாதி என்பதை அடித்துவிட்டேன். இப்போது எல்லோரிடமும் எண்ணையே சொல்வது என்று வைத்திருக்கிறேன். போன மாதம் யீஷூனிலிருந்து வரும் ஓர் அக்காவுக்கும் இதே முடிவு, பார்ஷியல் ரெஸ்பான்ஸ். மருந்துக்குக் கேட்டிருக்கு அக்கா என்றேன். எண்ணைச் சொல்ல வாயெடுத்தபோது கையைப் பிடித்துக்கொண்டார்.

"கணக்கெல்லாம் வேண்டாம்மா. பாதியாவது குறைஞ்சிருக்கா?"

அறிக்கையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.