கோபுரம் காட்டிய மணி

மார்ச் 3, திங்கள்
பேருந்திலிருந்து இறங்கி அண்ணாந்து பார்த்தேன். கோபுரக் கடிகாரத்தில் 7.40. மருத்துவமனையில் அக்காவைப் பார்க்கும் நேரமோ பிற்பகல் இரண்டு மணிக்குத்தான்.

மார்ச் 4
மருத்துவர்கள் இன்றும் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 5
மான்செஸ்டர் ஆக்ஸ்ஃபோர்டு தெருவும் விட்வொர்த் தெருவும் கூடும் முனையில் இந்தக் கோபுரத்தோடு ஒரே மாளிகையாகத் தோன்றுவது, உண்மையில் மூன்று கட்டங்களாக எழுந்தது. ரெஃப்யூஜ் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் தலைமை அலுவலகமாக முதல் பகுதியை 1891 முதல் 1895 வரை ஆல்ஃப்ரெட் வாட்டர்ஹவுஸ் கட்டினார். 217 அடிக் கோபுரத்தையும் அதை ஒட்டிய பகுதியையும் அவர் மகன் பால் 1910 முதல் 1912 வரை கட்டினார். 1932இல் ஸ்டான்லி பர்கெட் மேலும் ஒரு பகுதியைச் சேர்த்தார். தந்தை 1905இலேயே இறந்துவிட்டதால், இன்று ஊரே அடையாளமாகக் கொள்ளும் கோபுரத்தை அவர் பார்க்கவில்லை. மகன் அதே செங்கல்லையும் அதே சுடுமண்ணையும் கையாண்டிருப்பதால், அப்பா எங்கே முடித்தார், பிள்ளை எங்கே தொடங்கினார் என்று அரைமணி நேரம் தேடியும் எனக்குப் பிடிபடவில்லை.

அக்கா கண் விழித்ததும் கேட்டாள்: "தம்பி, கோபுரத்தில் மணி எத்தனை?"

மார்ச் 7
மழை. சுவரோரம் ஒதுங்கி நின்றபோது சுடுமண் அலங்காரத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தேன். ஓர் இலையின் நரம்புகூட மழுங்கவில்லை. ஆலைப் புகை கவிந்திருந்த ஊரில் கரி எளிதில் உள்ளிறங்காத, கழுவிவிடக்கூடிய பொருள் என்பதால்தான் அக்காலத்தில் சுடுமண்ணை விரும்பினார்கள். சூளையில் மண் சுருங்கும். ஆகவே, வேண்டிய அளவைவிடப் பெரிதாக அச்செடுத்து, சுருங்கிய பிறகு பக்கத்துத் துண்டோடு பொருந்தும்படி முன்கூட்டியே கணக்கிட வேண்டும்.

மார்ச் 8
ரெஃப்யூஜ் நிறுவனம் 1858இல் மான்செஸ்டருக்கு அருகிலுள்ள டக்கின்ஃபீல்டில் தொடங்கியது. உழைப்பாளிக் குடும்பங்களின் வாசலுக்கே முகவர்கள் போய், வாரந்தோறும் சில பென்னிகளை வாங்கிவரும் காப்பீடு அது. செத்தால் அடக்கச் செலவுக்காவது கையில் பணம் இருக்கட்டும் என்று அந்தக் குடும்பங்கள் கொடுத்த சில்லறைதான் இப்படிச் சலவைக்கல்லாகவும் கோபுரமாகவும் நிற்கிறது. பெயரின் பொருள் புகலிடமாம். எனக்குக் கோபம் வந்தது. யார்மீது என்றுதான் தெரியவில்லை. மருத்துவமனைப் படிவத்தில் 'நெருங்கிய உறவினர்' என்ற கட்டத்தில் என் பெயரை எழுதிவிட்டு வந்திருந்தேன்.

மார்ச் 9
4.10. சொன்னேன். சிரித்தாள்.

மார்ச் 11
காபி குடிக்கும் சாக்கில் உள்ளே போனேன். நிறுவனம் 1987இல் வில்ம்ஸ்லோவுக்கு இடம்பெயர்ந்தது. 1996இல் கட்டடம் விடுதியாயிற்று. பெயர் சிலமுறை மாறி, 2020 முதல் கிம்ப்டன் க்ளாக்டவர். வரவேற்புக் கூடத்தில், கண்ணாடிக் குவிமாடத்தின் கீழே, ஆளைவிடப் பெரிய வெண்கலக் குதிரை நிற்கிறது. எழுத்தர்கள் வேலை செய்த பெருங்கூடத்தின் பளபளக்கும் மெருகு ஓடுகளை உரித்தெறியாமல் விட்டிருக்கிறார்கள், அதற்காகவே பாராட்டலாம். மதுக்கூடத்திற்குப் பழைய நிறுவனத்தின் பெயரையே வைத்திருப்பதைத்தான் என்னால் ரசிக்க முடியவில்லை.

மார்ச் 12
பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். அக்கா கேட்பாள் என்பதற்காக நிறுத்தத்திலிருந்து நன்றாகப் பார்த்துக்கொண்டேன். கடிகார முகப்பில், இந்த ஊரின் சின்னமான தேனீக்கள் இருக்கின்றன. இத்தனை நாளும் கண்ணில் படவே இல்லை. இப்போது 9.20. பேருந்து வருகிறது.