பழைய 6 அங்குல ஜாயின்டர்: இன்ஃபீட் டேபிளின் தொங்கல் தீர்ந்தது

செகண்ட்ஹேண்டில் வாங்கிய வார்ப்பிரும்பு ஜாயின்டர் (பலகையின் விளிம்பை இழைத்து நேராக்கும் இயந்திரம்) இப்போது நேராக இழைக்கிறது. இழைத்த இரண்டு விளிம்புகளைச் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளிக் கீற்றே தெரியவில்லை. துரு எடுத்ததும் பெயின்ட் அடித்ததும் எல்லோரும் செய்வதுதான். பாடாய்ப் படுத்தியது, பலகையை உள்ளே விடும் பக்கத்து இன்ஃபீட் டேபிளின் மட்டம்.

முன்பு எந்தப் பலகையை ஓட்டினாலும் விளிம்பின் நடுவில் பள்ளம் விழுந்தது. டேபிளின் வெளிமுனை தொங்கினால் அப்படித்தான் வரும். முனை தூக்கியிருந்தால் இரு கோடியும் கூடுதலாகச் சீவப்பட்டு நடு மேடாக நிற்கும். இதற்குப் பிளேடை எத்தனை முறை மாற்றி செட் செய்தாலும் பலன் இல்லை.

அளக்கும் முன், டேபிள் ஏறி இறங்கும் டவ்டெயில் (புறாவால் வடிவ) சறுக்குத் தடத்தை மண்ணெண்ணெய் விட்டு, இறுகிய கிரீஸும் பழைய பெயின்ட்டும் போகச் சுரண்ட வேண்டும். அங்கே ஒட்டியிருக்கும் ஒரு பெயின்ட் செதிலே தேய்மானம் போல ஏமாற்றும். கிப் (தடத்தின் தளர்வை எடுக்கும் பட்டை) ஸ்க்ரூவையும் லாக்கையும் இறுக்கிய பிறகுதான் அளவு எடுக்க வேண்டும். இறுக்கும்போதே டேபிள் அசைகிறது. பலகை வெளியேறும் பக்கத்து அவுட்ஃபீட் டேபிள் மேல் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் (நேர்ச் சட்டம்) வைத்து, இன்ஃபீட்டின் உள்விளிம்பு அதைத் தொடும்வரை ஏற்றி, வெளிமுனையில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்ததில் 0.35 மி.மீ. தொங்கல், இரு ஓரத்திலும் ஒரே அளவு. ஓரத்துக்கு ஓரம் வேறுபட்டால் அது முறுக்கு. அப்போது ஷிம்மும் (இடைவெளியில் வைக்கும் மெல்லிய தகடு) இரு பக்கமும் வேறு வேறு தடிமனில் போக வேண்டும்.

தொங்கல் 0.35 என்றால் ஷிம்மும் 0.35 என்று போட்டுவிடக் கூடாது. தடம் தாங்கும் நீளம் 240 மி.மீ., டேபிள் நீளம் 560 மி.மீ. ஆகவே 0.35 × 240 ÷ 560 = 0.15 மி.மீ. பித்தளை ஷிம்மை இரண்டு தடத்திலும் கீழ்க்கோடியில், அதாவது பிளேடு சுழலும் கட்டர் ஹெட்டுக்கு எதிர்ப்பக்கம், வைத்தாயிற்று. டேபிளை ஏற்றி இறக்கும்போது இழுபடாமலிருக்க, ஷிம்மின் வெளிநுனியை அடிப்பாகத்தின் விளிம்பில் மடக்கிவிட வேண்டும். காகித ஷிம் வேண்டவே வேண்டாம். அமுங்கும், ஈரத்தில் ஊதும். ஷிம் ஏறியதும் கிப் இறுகிவிடும், அதைத் தளர்த்தி மறுபடி அளக்க வேண்டும். இப்போது 0.05 கேஜ்கூட நுழையவில்லை.

பேரிங் வாங்குவோருக்கு ஒன்று: அதை இயந்திரத்தின் உதிரிபாகம் என்று கேட்டுத் தேடாதீர்கள், எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். இதில் இருந்தது 6203, 17×40×12 மி.மீ. (உள்விட்டம், வெளிவிட்டம், அகலம்). மரத்தூள் பறக்கும் இடத்துக்கு இரும்பு மூடி போட்ட இசட்இசட்டைவிட ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ்தான் நல்லது. ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டுமே அழுத்த வேண்டும். வெளிவளையத்தைத் தட்டினால் குண்டு பதிந்து, ஓடும்போது இரைச்சல் தொடங்கிவிடும்.

பலகை அணைந்து ஓடும் பக்கத் தடுப்பான ஃபென்ஸ் இன்னும் 90 டிகிரியில் நிற்கவில்லை. அதற்குள், மின்சாரம் போய் வந்தால் தானாக ஓடாத நோ-வோல்ட் சுவிட்ச் மாட்டுவதும், மரத்தில் பொருத்துத் துளை வெட்டும், சங்கிலியில் ஓடும் பழைய மார்ட்டைஸர் ஒன்றைப் பிரிப்பதும் திட்டத்தில் சேர்ந்துவிட்டன.