புது மட்டை வரும் மாதம்

கோல்ஃப் நிறுவனங்கள் தங்கள் புது மட்டைகளைப் பெரும்பாலும் ஜனவரியில்தான் அறிவிக்கின்றன. பொங்கல் முடிந்த கையோடு, கோவையில் நான் வேலை பார்க்கும் கடைக்கு விசாரிப்புகள் வரத் தொடங்கிவிடும். "போன வருடத்து டிரைவரைவிட எத்தனை கெஜம் கூடப் போகும்?" என்பதுதான் முதல் கேள்வி. டிரைவர் என்பது பந்தை வெகுதூரம் அடிப்பதற்கான பெரிய தலை மட்டை.

மட்டை முகத்தின் நடுவில் பட்ட அடிக்குத் தூரம் பெரிதாக அதிகரிக்காது என்று நேராகவே சொல்லிவிடுவேன். டிரைவரின் தலை 460 கன சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. முகத்தின் துள்ளலுக்கும் விதி வரம்பு கட்டியிருக்கிறது. அந்த வரம்பை நிறுவனங்கள் எப்போதோ தொட்டுவிட்டன. இப்போது மாறிவருவது, நடுவை விட்டு விலகிய அடியின் கதி. தலையின் மேல்மூடியை கார்பன் இழையில் செய்து, மிச்சமாகும் சில கிராம்களைப் பின்விளிம்புக்குக் கொண்டுபோகிறார்கள். எடை ஓரத்துக்குப் போகப் போக, நுனியில் பட்டாலும் தலை எளிதில் திருகாது. வாரம் ஒருநாள் ஆடுபவருக்குப் பத்து கெஜத்தைவிட இதுவே பெரிய லாபம் என்பது என் உறுதியான எண்ணம்.

இதைப் புரியவைக்கக் கொங்கு நாட்டில் நான் சிரமப்பட்டதே இல்லை. வருபவர்களில் பலர் பம்ப் செய்பவர்கள், ஃபவுண்டரி நடத்துபவர்கள். 2022இல் டெய்லர்மேட் நிறுவனம் 'ஸ்டெல்த்' டிரைவரின் முகத்தையே 60 அடுக்கு கார்பனில் செய்தது. பீளமேட்டுப் பெரியவர் ஒருவர் அதைக் கையில் வாங்கியதும் விலை கேட்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முகமும் உடலும் சேரும் கோட்டில் கட்டைவிரல் நகத்தை மெல்ல ஓட்டினார். "பசை போட்டு ஒட்டியதா தம்பி? சித்திரை வெயிலில் கார் டிக்கியில் கிடந்தால் தாங்குமா?" என்றார். பிறகு அயர்ன் எனப்படும் உலோகத் தலை மட்டை ஒன்றை எடுத்துத் திருப்பி, அது மெழுகு அச்சில் வார்த்தது என்று அவரே சொல்லி, முதுகுப்பக்கக் குழிவைத் தடவிக் காட்டினார். இத்தனை மெல்லிய சுவரைச் சம்மட்டியால் அடித்து எடுப்பது கடினமாம். எந்த விளம்பரத் தாளும் எனக்கு இதைச் சொல்லித் தந்ததில்லை.

பந்து விஷயம் வேறு. 45.93 கிராமுக்கு மேல் எடை கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதற்குள்தான் எல்லா வித்தையும். டைட்டிலிஸ்ட் நிறுவனத்தின் புரோ வி1, புரோ வி1எக்ஸ் பந்துகள் இரண்டும் இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. எக்ஸ் சற்று உயரமாகப் பறப்பது. ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வரும் காற்றை மனத்தில் வைத்து எந்த விளம்பரமும் எழுதப்படுவதில்லை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் ஊர் இது. பின்சுழல் மிகுந்த, அதாவது பின்னோக்கி வேகமாகச் சுழலும் பந்து எதிர்க்காற்றில் மேலே ஏறி நின்று, முன்னே போகாமல் விழுந்துவிடும்.

ஆகவே அந்த மாதங்களில் யார் புதுப் பந்து கேட்டாலும் டஜன் பெட்டியை எடுத்துத் தருவதில்லை. மூன்று பந்துள்ள சிறு பெட்டி ஒன்றைக் கொடுத்து, செட்டிபாளையம் கோல்ஃப் மைதானத்தில் மேற்கு பார்த்து அடித்துப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன்.