குளிர்காலத்துக்கு ஒரு சத்தமில்லாத வீடு: அல்கார்வில் தேடிய அனுபவம்

கனடாவின் மிசிசாகாவில் ஜனவரி வந்துவிட்டால் என் கணவருக்கு மூச்சுப் பிரச்சினையும் வந்துவிடும். அவருக்கு ஆஸ்துமா. மைனஸ் 15 டிகிரியில் காரிலிருந்து இறங்கிக் கடை வாசலுக்குப் போவதற்குள் இருமல் பிடித்துக்கொள்ளும். எனக்கோ கோழித் தூக்கம். பக்கத்து வீட்டில் பனி அள்ளும் இயந்திரம் விடியற்காலையில் கிளம்பினால் என் இரவு அத்தோடு முடிந்தது. இருவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், குளிர்காலத்தை வேறு எங்காவது கழிப்பது என்று தீர்மானித்தோம். இங்கே பலரும் ஃப்ளோரிடா போவார்கள். எங்களுக்கு கார் இல்லாமல் நடந்துபோய்க் காய்கறி வாங்கும்படியான சின்ன ஊர் வேண்டும், இரவில் அமைதி வேண்டும். விசாரித்து விசாரித்துக் கடைசியில் போர்ச்சுகலின் தென்கோடியில் இருக்கும் அல்கார்வ் பகுதியில் வந்து நின்றோம். ஜனவரியிலும் அங்கே பகலில் 16 டிகிரி வரை இருக்கும், இரவில் 8 வரை இறங்கும். பனி கிடையாது.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடா பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம். ஆனால் போர்ச்சுகல் உள்ளிட்ட, உள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து, எந்த 180 நாள் கணக்கிலும் 90 நாள்தான். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேரும். எங்கள் மாகாணமான ஒன்டாரியோவின் அரசு மருத்துவ அட்டை வைத்திருப்பவர்கள் 12 மாதத்தில் 212 நாள் வரை வெளியே இருக்கலாம், அட்டைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வெளிநாட்டு ஆஸ்பத்திரிச் செலவில் அது தருவது மிகக் கொஞ்சம், அதனால் தனிக் காப்பீடு அவசியம். அதில் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு ஒரு விதி உண்டு: கிளம்புவதற்கு முன் குறிப்பிட்ட காலத்துக்கு நோய் 'நிலையாக' இருந்திருக்க வேண்டும். இன்ஹேலர் அளவைக் கூட்டினால்கூட அது மாற்றமாகக் கணக்காகலாம். அதனால் டாக்டரைப் பார்ப்பதை வெகு முன்னதாகவே முடித்துவிட்டோம்.

வீடு தேடுவதுதான் உண்மையான வேலை. கோடைக் கடற்கரை ஊர்கள் குளிர்காலத்தில் வெறிச்சோடிக் கிடக்கும், ஆகவே அமைதியாக இருக்கும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். விடுமுறைக் குடியிருப்புகளின் மதிப்புரைகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை எழுதப்பட்டவற்றை மட்டும் பிரித்துப் படித்தபோது வேறு கதை தெரிந்தது. வாடகைக்கு விடும் சொந்தக்காரர்கள் கோடையில் சம்பாதித்துவிட்டு, ஆள் இல்லாத குளிர்காலத்தில்தான் குளியலறையை இடித்துக் கட்டுவார்கள், ஓடு மாற்றுவார்கள். குடியிருப்புக் கட்டடத்துக்குள் செய்யும் இந்த வேலைகளை, வார நாட்களில் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை தனி அனுமதி இல்லாமலே செய்யலாம் என்று போர்ச்சுகல் சட்டமே சொல்கிறது. மேல்மாடியில் ட்ரில் ஓடினால் யாரிடமும் முறையிட முடியாது.

மதிப்புரைகளைப் படிப்பதில் இன்னொரு விஷயம் பிடிபட்டது. ஆகஸ்டில் வந்தவர் 'வெளியே வெயில் கொளுத்தியது, வீடு மட்டும் ஜில்லென்று இருந்தது' என்று மெச்சி எழுதியிருப்பார். ஜனவரிக்கு அது எச்சரிக்கை. தடித்த சுவர், ஓடு பதித்த தரை, வடக்கு பார்த்த ஜன்னல், வெப்பமூட்டும் வசதி கிடையாது என்று அர்த்தம்.

அப்புறம் கூகிள் வரைபடத்தின் ஸ்ட்ரீட் வியூவில் ஒவ்வொரு தெருவாக நடந்து பார்த்தேன். நான் தேடியது மூன்று. முதலாவது, தெரு தார் போட்டதா, கல் பதித்ததா. பழைய ஊர்களில் சின்னச் சின்னக் கற்களைப் பதித்திருப்பார்கள். கண்ணுக்கு அழகு, ஆனால் ஒரு ஸ்கூட்டர் போனால் ஜன்னல் கண்ணாடி அதிரும். இரண்டாவது, குப்பை பிரிக்கும் தொட்டிகள். அங்கே பச்சைத் தொட்டி கண்ணாடிக்கு. ஓட்டலை மூடும்போது ஊழியர் அன்றைய காலி பாட்டில்களைக் கூடை கூடையாக அதில்தான் கொட்டுவார். அந்தத் தொட்டி பக்கத்தில் இருக்கும் வீட்டில் யார் தூங்க முடியும்? மூன்றாவது, துணி காய்கிறதா என்று பார்த்தேன். பால்கனியில் போர்வையும் பள்ளிச் சீருடையும் தொங்கினால் அங்கே வருஷம் முழுக்க ஆள் இருக்கிறார்கள். வெறும் நாற்காலியும் குடையும் மட்டும் என்றால் அது வாடகைக் கட்டடம், எந்த நாளும் உளி விழலாம்.

சொந்தக்காரர்களுக்கு எழுதும்போது 'பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா?' என்று கேட்டுப் பயனில்லை. இல்லை என்றுதான் பதில் வரும். 'ஜனவரியில் மேல்வீட்டில் யார் இருப்பார்கள்?' என்று கேட்டேன். பதில் வந்த விதத்திலேயே பாதி தெரிந்துவிட்டது. 'யாரும் இல்லை, முழுக் கட்டடமும் உங்களுக்குத்தான்' என்றவர்களை ஒதுக்கி வைத்தேன். 'மேலே ஒரு ஆசிரியை இருக்கிறார், காலையில் போய்ச் சாயங்காலம் வருவார்' என்று எழுதியவர்களைக் குறித்துக்கொண்டேன். எல்லா விளம்பரத்திலும் உள்ளூர்த் தங்குமிடப் பதிவு எண், அதாவது பயணிகளுக்கு வாடகைக்கு விடப் பதிவு செய்த எண், இருக்கிறதா என்றும் பார்த்தேன். எண் இல்லாத வீட்டுக்கு முன்பணம் அனுப்புவதில்லை என்பதில் என் கணவர் கறாராக இருந்தார்.

எதையும் கனடாவிலிருந்தே முடிவு செய்யவில்லை. தவீரா ஊரில் ஒரு சின்ன விடுதியில் சில நாட்களுக்கு அறை எடுத்து, அங்கிருந்து நேரில் பார்ப்பது என்று போனோம். லிஸ்பனிலிருந்து ஃபாரோ வரை ரயில், அங்கிருந்து கடலோரமாகப் போகும் சின்ன ரயில். ஒரு பக்கம் ஆரஞ்சுத் தோப்பு, மறுபக்கம் ரியா ஃபொர்மோசா உப்பங்கழி.

முதலில் பார்த்தது கபானாஸில் ஒரு புது அடுக்குமாடி. படத்தில் இருந்ததைவிட அழகு, உப்பங்கழி முழுவதும் தெரிந்தது. வரிசை வரிசையாக ஜன்னல் மறைப்புகள் இறக்கியிருந்தன. நாங்கள் சாவியைத் திருப்பும்போதே இரண்டு கதவு தள்ளி சுத்தியல் ஆரம்பித்துவிட்டது. வீட்டைக் காட்ட வந்த இளைஞர், 'இந்த வாரத்தோடு முடிந்துவிடும்' என்றார். நடைபாதையில் பிரிக்கப்படாத தரை ஓடு பெட்டிகள் என் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மரியாதையாக நன்றி சொல்லிக் கிளம்பினோம்.

அடுத்து, மலைப்பக்கம். கார்க் மரத்துக்குப் பேர்போன சாவ் பிராஸ் டி அல்போர்ட்டலுக்கு வெளியே, பாதாம் மரங்களுக்கு நடுவே தனி வீடு. மனதைப் பறித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை போயிருந்தோம். காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது பள்ளத்தாக்கிலிருந்து துப்பாக்கிச் சத்தம், உடனே சுற்றுவட்டாரத்து நாய்கள் எல்லாம் குரைத்தன. வேட்டைப் பருவம் என்றார் வீட்டுக்காரர். வியாழன், ஞாயிறு, அப்புறம் அரசு விடுமுறை நாட்கள். அவர் மறைக்காமல் சொன்னதற்கு இன்றும் அவர்மேல் மதிப்பு உண்டு. நாய்கள் இரவிலும் குரைக்குமா என்றேன். நிலா நாட்களில் கொஞ்சம் என்றார். அதோடு கார் இல்லாமல் அங்கே இருக்கவும் முடியாது.

ஃபுசேட்டா எங்களுக்குப் பிடித்திருந்தது. மீனவர் ஊர், விடியுமுன் படகு இஞ்சின் சத்தம் கேட்கும். எனக்கு அது தொந்தரவாகத் தெரியவில்லை. தினமும் ஒரே நேரத்தில் வந்து போகும் சத்தத்துக்குக் காது பழகிவிடும், எப்போது வரும் என்று தெரியாத சத்தம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஆனால் அங்கே கிடைத்த வீட்டில் அலமாரிக்குப் பின்னால் சுவர் கறுத்திருந்தது. பூஞ்சைக்கு மேல் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், வாசனை காட்டிக்கொடுத்தது. ஆஸ்துமாக்காரரை வைத்துக்கொண்டு அந்த வீட்டை நினைத்துப் பார்க்கவே முடியாது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அமைதி தேடிப் போகிறவர்கள் இதில் அவதிப்படுவதைப் பார்த்தேன். அல்கார்வ் வீடுகளில் பெரும்பாலானவை வெயிலுக்காகக் கட்டியவை. அங்கே மழை குளிர்காலத்தில்தான், அப்போது சுவர் ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். வெளியே வெயிலில் உட்கார்ந்தால் ஸ்வெட்டர் வேண்டாம், உள்ளே வந்தால் வேண்டும். ஹீட்டர் போடலாமே என்றால் மின்சாரத்தில் ஒரு சிக்கல். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்று ஒப்பந்தம் உண்டு. சின்ன வீடுகளில் பெரும்பாலும் 3.45 கேவிஏ, அதாவது ஏறக்குறைய 3450 வாட். 2000 வாட் ஹீட்டர் ஓடும்போது 2000 வாட் கெட்டிலைப் போட்டால் மெயின் விழுந்துவிடும். இரவில் எழுந்து இருட்டில் ஸ்விட்ச் பெட்டியைத் தேட வேண்டும். அதனால் போன வீட்டிலெல்லாம் பழைய மின்கட்டண ரசீதைக் காட்டச் சொன்னேன். ஒப்பந்த அளவு அதில் அச்சாகியிருக்கும். சிலர் முகம் சுளித்தார்கள். பரவாயில்லை.

கடைசியில் அமைந்தது தவீராவிலேயே, ஜிலாவ் ஆற்றின் கிழக்குக் கரையில், தார் போட்ட குறுக்குத் தெருவில் ஒரு முதல் மாடி. பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. கடல் தெரியாது, தெரிவது எதிர்வீட்டு எலுமிச்சை மரம். கீழே வீட்டுக்கார அம்மா, எழுபதைத் தாண்டியவர். எதிரே தையல் கடை. நான் கேட்டதும் அந்த அம்மா ரசீதை மட்டுமா, என்னை மாடிப்படிக்குக் கீழே கூட்டிப்போய்ப் பெட்டியையே திறந்து காட்டினார். 6.9 கேவிஏ. பிறகு தானே ஹீட்டரையும் அடுப்பையும் கெட்டிலையும் ஒன்றாகப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மெயின் விழவில்லை. அலமாரியை நகர்த்தட்டுமா என்று என் கணவர் கேட்டபோது மறுபக்கத்தைப் பிடித்து அந்த அம்மாவும் நகர்த்தினார். சுவர் காய்ந்திருந்தது. தெற்கு ஜன்னல் வழியே வெயில் கட்டில்வரை வந்தது.

அன்று சாயங்காலம் திரும்பவும் போனோம், இரவு பதினொன்றுக்கு மேல் இன்னொரு முறை போய்த் தெருமுனையில் நின்றோம். பகலில் மட்டும் பார்த்து முடிவு செய்யவே கூடாது. பச்சைத் தொட்டி இரண்டு தெரு தள்ளி இருந்தது. எங்கோ ஒரு தொலைக்காட்சி, கொஞ்ச நேரத்தில் அதுவும் அணைந்தது. மறுநாள் காலை ஒப்பந்தம் போட்டோம். மின்சாரம் ஓர் அளவு வரை வாடகையில் அடங்கும், அதற்கு மேல் மீட்டர்படி நாங்கள் கட்ட வேண்டும். தொடக்க மீட்டர் அளவை இருவரும் சேர்ந்து படம் எடுத்து வைத்துக்கொண்டோம்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நான் இரவில் தூங்கினேன். என் கணவருக்கு இருமல் இல்லாமல் இல்லை, மழை விடாமல் பெய்த வாரங்களில் வந்தது. ஆனால் அவசர இன்ஹேலரைத் தொடும் நாட்கள் மிசிசாகாவைவிட வெகுவாகக் குறைந்தன. அடுத்த குளிர்காலத்துக்கும் அதே மாடியைக் கேட்டு வைத்திருக்கிறோம். ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை வாங்கி வைப்பதாக அந்த அம்மா சொல்லியிருக்கிறார். சத்தம் குறைந்ததாகப் பார்த்து வாங்கச் சொல்லி, எத்தனை டெசிபல் என்பதையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.