சாத்தம் போனால் கயிற்றுக்கூடத்தை விட்டுவிடாதீர்கள்

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன், ஊரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். இங்கிலாந்தின் சாத்தம் ரயில் நிலையத்துக்கு வெளியே நின்ற ஒரு டாக்ஸிக்காரர், இப்போது மியூசியமாக இருக்கும் பழைய கப்பல்துறை வாசலில் இறக்கிவிட எங்களிடம் 18 பவுண்டு வாங்கினார். மீட்டர் போடவில்லை. "ரோடு வேலை நடக்கிறது, சுற்றித்தான் போகணும்" என்றார். சாயங்காலம் அதே தூரத்தை நடந்தே திரும்பினோம். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, வழியில் ஒரு ரோடு வேலையும் கண்ணில் படவில்லை. 18 பவுண்டு என்றால் நம் காசுக்குக் கிட்டத்தட்ட 2,000 ரூபாய். அந்தப் பணத்தில் கடலூரிலிருந்து சென்னைக்குக் குடும்பத்தோடு பஸ்ஸில் போய்விடலாம். தூறல் போட்டாலும் பரவாயில்லை, குடை பிடித்துக்கொண்டு நடங்கள். இல்லையென்றால் உள்ளூர் பஸ் இருக்கிறது.

எப்படிப் போவது, என்ன செலவு, எதைப் பார்ப்பது என்று வரிசையாக எழுதுவதாகத்தான் நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். எவ்வளவு தூரம் முடிகிறதோ பார்ப்போம்.

லண்டனில் அண்ணன் மகன் வீட்டில் தங்கியிருந்தோம். கப்பல் பார்க்கணும் என்றதும் அவன், "போர்ட்ஸ்மவுத் போலாம் சித்தப்பா, எல்லாரும் அங்கதான் போவாங்க. சாத்தம்ல என்ன இருக்கு?" என்றான். லண்டன்வாசிகளுக்கே இந்த ஊரின் மீது ஓர் இளக்காரம் இருக்கிறது. அது சுத்த அநியாயம். போர்ட்ஸ்மவுத்தில் இன்று கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்க்கிறார்களே, பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் 'விக்டரி' கப்பல், அதைக் கட்டியது இந்தச் சாத்தத்தில்தான். 1759இல் அடிக்கட்டை போட்டு 1765இல் தண்ணீரில் இறக்கினார்கள். அந்த நெல்சனே 12 வயதுப் பையனாகக் கப்பற்படையில் சேர்ந்து, 1771இல் முதன்முதலாகக் கப்பல் ஏறியது இங்கேதான்.

சாத்தம் கெண்ட் மாவட்டத்தில், மெட்வே ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆறு பெரிதாக வளைந்து கடலை நோக்கிப் போகிறது. எட்டாம் ஹென்றி காலத்திலேயே அரசுக் கப்பல்களைக் குளிர்காலத்தில் இந்த ஆற்றில்தான் கட்டி நிறுத்துவார்கள். முதலாம் எலிசபெத் காலத்தில் அது முறையான அரசுக் கப்பல்துறை ஆனது. அதற்குப் பிறகு 400 ஆண்டுகளுக்கு மேல் கட்டுவதும் பழுதுபார்ப்பதும் நிற்கவே இல்லை. மரக்கப்பல், நீராவிக் கப்பல், இரும்புக் கப்பல், நீர்மூழ்கி என்று எல்லாம் இந்த ஒரே கரையில் நடந்திருக்கிறது.

சரி, கயிற்றுக்கூடத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் டிக்கெட் காசு மொத்தமும் இதற்கே தகும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய செங்கல் கட்டடம் அது, நீளம் 346 மீட்டர். உள்ளே நின்று பார்த்தால் மரத்தளமும் இரண்டு பக்க ஜன்னல்களும் எதிர்முனையில் ஒரு புள்ளியாகச் சுருங்கிப் போகின்றன. கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக வேலையாட்கள் சைக்கிள் வைத்திருக்கிறார்கள். இது வெறும் மியூசியம் இல்லை. இன்றும் அங்கே கயிறு திரித்து விற்கிறார்கள். 1811ஆம் ஆண்டைச் சேர்ந்த இயந்திரம்கூட வேலையில் இருக்கிறது.

ஏன் இவ்வளவு நீளம் என்று விளக்கிய அம்மாவை நான் மறக்கவே மாட்டேன். பழைய காலத்து உடுப்பு போட்டுக்கொண்டு, கூட்டத்திலிருந்து சிலரை முன்னால் கூப்பிட்டார். நூல்களைக் கொக்கியில் மாட்டி ஒருவரைக் கைப்பிடி சுற்றச் சொன்னார். நூல்கள் முறுக்கேறி மூன்று புரிகள் ஆயின. பிறகு அந்த மூன்று புரிகளுக்கும் நடுவே, பள்ளம் வெட்டிய கூம்பு வடிவ மரக்கட்டை ஒன்றை வைத்தார். இந்த முறை சுற்றுவது எதிர்த்திசையில். கட்டை தானாக முன்னால் நகர நகர, அதன் பின்னால் மூன்று புரிகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கயிறாகிக்கொண்டே வந்தன. புரி ஒரு பக்கம் பிரியப் பார்க்கும், கயிறு மறுபக்கம் பிரியப் பார்க்கும், ஒன்றை ஒன்று விடாது. பிடித்து நிறுத்துவது அவ்வளவுதான், பசையும் இல்லை, முடிச்சும் இல்லை. முறுக்க முறுக்க நீளம் குறைவதும் கண்ணெதிரே தெரிந்தது. கப்பலுக்கு நெடுங்கயிறு வேண்டுமென்றால் அதைவிட நீளமாகப் புரியை இழுத்துக் கட்ட வேண்டும். அதற்குத்தான் அவ்வளவு பெரிய கூடம்.

அரசுக் கயிற்றைத் திருடி விற்கிறவர்களைப் பிடிக்க ஒரு வழி வைத்திருந்தார்களாம். புரியின் உள்ளே அடையாள நூல் ஒன்றைச் சேர்த்துத் திரித்துவிடுவார்கள். எந்தத் துண்டை வெட்டிக்கொண்டு போனாலும் உள்ளே அந்த நூல் இருக்கும், தப்பவே முடியாது. எனக்கு இந்த மாதிரி விஷயங்கள்தான் பிடிக்கும். தளபதிகளின் வாள், பதக்கம், மெழுகுப் பொம்மை எல்லாம் எங்கும் கிடைக்கும். அந்தத் தளபதியின் பாய்மரத்தைத் தாங்கிய கயிறு எப்படி உண்டானது என்று கையில் கொடுத்துக் காட்டும் இடம் வேறெங்கே இருக்கிறது?

அடுத்து நீர்மூழ்கி. 'ஓசிலட்' என்று பெயர், 1962இல் தண்ணீரில் இறக்கியது. பிரிட்டிஷ் கடற்படைக்காகச் சாத்தத்தில் கட்டிய கடைசிக் கப்பல் இதுதான். (அதற்குப் பிறகு கனடாவுக்கு மூன்று நீர்மூழ்கிகள் கட்டினார்கள், அத்தோடு கட்டுவது நின்றது.) உள்ளே போக நேரம் குறித்த டிக்கெட் கொடுக்கிறார்கள். வந்தவுடன் முதல் வேலையாக அதை வாங்கிவிடுங்கள், மதியம் இடம் கிடைப்பது கஷ்டம். அறைக்கு அறை வட்டமான துளை வழியாக உடம்பை நுழைத்துத்தான் போக வேண்டும். கால் முதலில், தலை கடைசியில். முட்டி வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். நுழைய முடியுமா என்று பார்த்துக்கொள்ள வெளியே அதே அளவில் ஒரு துளை வைத்திருக்கிறார்கள்.

உள்ளே டீசல் வாடை இன்னும் போகவில்லை. 90 மீட்டர் நீளக் குழாய்க்குள் 69 பேர் இருந்திருக்கிறார்கள். படுக்கை என்று அவர்கள் காட்டியது ஓர் ஆள் மல்லாந்தால் திரும்பிப் படுக்க முடியாத பலகை. என் தோள் இரண்டு பக்கமும் இடித்தது. அதில் வாரக்கணக்கில் தண்ணீருக்கு அடியில் இருந்தவர்களை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

பக்கத்திலேயே 'கேவலியர்' நிற்கிறது. 1944இல் கடலில் இறங்கிய நாசகாரிக் கப்பல், இரண்டாம் உலகப் போரில் இருந்த பிரிட்டிஷ் நாசகாரிகளில் மிச்சமிருப்பது இது ஒன்றுதான். அந்தப் போரில் மூழ்கிய 142 நாசகாரிகளுக்கும் அவற்றோடு போன 11,000க்கும் மேற்பட்ட மனிதர்களுக்கும் இதுவே நினைவுச்சின்னம். அது நிற்கிற உலர்துறையை, அதாவது தண்ணீரை இறைத்துவிட்டுக் கப்பல் வேலை பார்க்கும் பள்ளத்தை, குனிந்து ஒரு முறை பாருங்கள். 'விக்டரி' கட்டப்பட்ட இடம் அதுதான். 1863இல் 'அகிலிஸ்' என்ற இரும்புக் கப்பல் உருவானதும் அங்கேதான். மூன்றாவது கப்பல் 'கேனட்', பாயும் நீராவியும் சேர்ந்த 1878ஆம் ஆண்டுக் கப்பல். கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஒரு செய்தி: ரஞ்சித்சிங்ஜியின் நண்பர் சி.பி. ஃபிரை நடத்திய கப்பல் பயிற்சிப் பள்ளியின் பையன்கள் இந்தக் 'கேனட்'டில்தான் தங்கியிருந்தார்கள்.

இனி சொல்லப்போவது கடலூர்க்காரர்களுக்கு. 1995இல் இங்கே சக்கரம் செய்யும் பட்டறையின் தரையைப் பெயர்த்தபோது, அடியில் ஒரு பெரிய போர்க்கப்பலின் மரங்கள் வரிசையாகக் கிடந்தன. பல ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகு அது 'நமூர்' என்று கண்டுபிடித்தார்கள். 1756இல் சாத்தத்திலேயே கட்டி, பின்னால் சாத்தத்திலேயே உடைத்த கப்பல். அடிமையாக விற்கப்பட்டு, பிற்காலத்தில் அடிமை வணிகத்தை எதிர்த்து எழுதிய ஓலாடா எக்வியானோ சிறுவனாக இருந்தபோது அதில் பணிபுரிந்தவர். ஜேன் ஆஸ்டினின் தம்பி சார்லஸ் அதற்குத் தலைவராக இருந்தவர். மரங்கள் இப்போதும் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன. கருத்த ஓக் கட்டைகள், ஒவ்வொன்றிலும் மர ஆணி அடித்த துளைகள்.

'நமூர்' என்ற பெயரைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதற்கு முன்பு அதே பெயரில் இன்னொரு கப்பல் இருந்தது. 1748இல் புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்ற ஆங்கிலக் கடற்படைத் தளபதி பாஸ்கவனின் கொடிக்கப்பல், அதாவது தளபதி ஏறி வரும் தலைமைக் கப்பல் அது. 1749 ஏப்ரல் புயலில், எங்கள் ஊர் செயின்ட் டேவிட் கோட்டைக்குப் பக்கத்துக் கடலில் அது மூழ்கியது. 500க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். பாஸ்கவன் கரையில் இருந்ததால் பிழைத்தார். பத்தாண்டு கழித்து, அதே பெயருள்ள இந்தச் சாத்தம் கப்பலில் கொடியேற்றி, போர்ச்சுகல் பக்கத்து லாகோஸ் கடற்சண்டையில் ஜெயித்தார். தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு நாங்கள் சிறு வயதிலிருந்து போகிறோம், இப்படி ஒரு கப்பல் போனதைச் சொல்ல ஒரு பலகைகூட அங்கே கிடையாது. வைக்க வேண்டும். இதை மாவட்ட நிர்வாகத்தில் யாராவது படித்தால் தயவுசெய்து செய்யுங்கள்.

டச்சுக்காரர்கள் 1667 ஜூனில் இந்த ஆற்றுக்குள் புகுந்து அடித்த கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் சார்லஸ் பணமில்லை என்று பெரிய கப்பல்களை ஆட்கள் இல்லாமல் கட்டிப் போட்டிருந்தார். மாலுமிகளுக்குக் கூலிக்குப் பதில் சீட்டு கொடுத்தார். ஆற்றுக்குக் குறுக்கே ஒரு இரும்புச் சங்கிலி, அதை நம்பி இருந்தார்கள். டச்சுக்காரர்கள் அதைத் தாண்டி வந்து கப்பல்களைக் கொளுத்தினார்கள், ராஜாவின் பெயரைத் தாங்கிய 'ராயல் சார்லஸ்' கப்பலையே இழுத்துக்கொண்டு போனார்கள். அதன் பின்புறச் சின்னம் இன்றும் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. கூலி கிடைக்காத ஆங்கில மாலுமிகள் சிலர் டச்சுக் கப்பலில் வந்ததில் எனக்கு வியப்பே இல்லை.

வேலையாட்களை ஏமாற்றுவது அத்தோடு முடியவில்லை. 1981இல் கப்பல்துறையை மூடப்போவதாக அறிவித்தார்கள். 1984 மார்ச் 31 அன்று கதவு சாத்தியாயிற்று. சுமார் 7,000 பேருக்கு வேலை போனது. எங்களோடு பேசிய வயதான தன்னார்வலர் ஒருவர் இங்கேயே தொழில் பழகியவர், அவருடைய அப்பாவும் இங்கேதான் வேலை பார்த்தாராம். "தெருவில் எல்லா வீட்டிலும் ஒருத்தராவது இங்கே இருப்பார்கள்" என்றார். ஊரின் கடைத்தெருவில் நடந்தால் பாதிக் கடைகள் மூடியிருப்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. இந்த ஊரை அழுக்கு என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சாப்பாடு. கப்பல்துறைக்குள் இருக்கும் உணவகத்தில் சாண்ட்விச்சும் டீயும் வாங்கினால் பர்ஸ் அழும். நாங்கள் வீட்டிலிருந்து எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுபோய் ஆற்றைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மிச்சம் பிடித்த பணத்தில் மாலையில் ரோச்சஸ்டர் போய் மீன் வறுவல் சாப்பிட்டோம். மேலே மொறுமொறு, உள்ளே ஆவி பறக்கும் வெள்ளை மீன் ஏடு ஏடாகப் பிரிகிறது. கூடவே வினிகர் தெளித்த சூடான உருளைக்கிழங்கு. இங்கிலாந்தில் சாப்பிட்டதிலேயே இதுதான் உருப்படியான சாப்பாடு. ரோச்சஸ்டர் அடுத்த ரயில் நிலையம்தான். 604இல் தொடங்கிய தேவாலயமும் நார்மன் கோட்டையும் அருகருகே இருக்கின்றன, தேவாலயத்துக்குக் கட்டணம் இல்லை.

செலவுக் கணக்கை மறக்கும் முன் எழுதிவிடுகிறேன். செயின்ட் பாங்கிராஸிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் 40 நிமிடம், விக்டோரியாவிலிருந்து போனால் கொஞ்சம் கூட ஆகும், ஆனால் காசு குறைவு. காலை நெரிசல் நேரம் முடிந்து கிளம்பினால் இன்னும் குறையும். கப்பல்துறை டிக்கெட் ஆளுக்கு 30 பவுண்டு பக்கம் வருகிறது. கேட்டவுடன் திக்கென்றுதான் இருக்கும், ஆனால் அதே டிக்கெட்டில் ஓராண்டுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், தேதி பார்த்துப் போங்கள்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கை நீட்டியபடி ஒரு சிலை நிற்கும். தாமஸ் வேகார்ன், இந்த ஊர்க்காரர். ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் போய்க்கொண்டிருந்த இந்தியத் தபாலை எகிப்து தரைவழியாகக் கொண்டுபோக முடியும் என்று காட்டியவர், சூயஸ் கால்வாய் வெட்டுவதற்கு முன்பே. காலையில் டாக்ஸியில் போனதால் அவரைப் பார்க்க முடியவில்லை. நடந்து போகிறவர்களுக்கு இலவசமாகக் கிடைப்பார்.