காவடிக்கு வாங்கிய ஆறு செல்

என் மைத்துனன் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க நேர்ந்திருந்தான். வளைவு முழுக்க எல்இடி பட்டி ஓட்டவேண்டுமாம். "விளக்கு வேலை உங்களோடது மாமா" என்று சொல்லிவிட்டு அவன் விரதத்தில் இறங்கிவிட்டான். லிஃப்ட் பழுது பார்க்கிற ஒருவன் ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளையானால் இதெல்லாம் வந்து சேரும்.

பட்டி 12 வோல்ட், இழுப்பது ஒன்றரை ஆம்பியர். இங்கே சிங்கப்பூரில் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை நின்று நின்று போக நாலு மணி நேரமாவது ஆகும். 18650 என்கிற லித்தியம்-அயன் செல்லை, வோல்ட் கூட சீரிஸில் மூன்று, நேரம் கூட பேரலலில் இரண்டு என்று ஆறு போட்டால் கணக்கு சரிவரும். 18650 என்ற எண்ணில் மர்மம் ஒன்றுமில்லை. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், அவ்வளவுதான்.

முதலில் இணையத்தில் வாங்கினேன். நாலு செல் ஒன்பது வெள்ளி. மேலே கொள்ளளவு 9900 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எனக்கே சிரிப்புத்தான் வந்தது, ஆனாலும் விலை கண்ணை மறைத்துவிட்டது. இந்த அளவு டப்பாவுக்குள் பெரிய கம்பெனிகளே 3500-ஐ ஒட்டித்தான் நிற்கிறார்கள். வந்த அன்று மனைவி கேக் செய்ய மாவு அளந்துகொண்டிருந்தாள். அந்தத் தராசில் ஒரு செல்லை வைத்தேன். 31 கிராம். ஒழுங்கான 18650 பெரும்பாலும் 45-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கும். உள்ளே சின்ன செல்லை வைத்து மீதி இடத்தில் ஏதோ பொடியை அடைத்து விற்பதும் உண்டு. பிரித்துப் பார்க்கிற ஆசையை அடக்கிக்கொண்டு, முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

வேறு சாமானாக இருந்தால் இத்தனை பார்த்திருக்க மாட்டேன். இது ஒரு மனுஷன் தோளுக்கு மேலே, மயில் தோகைக்கும் பட்டுத் துணிக்கும் நடுவில் உட்காரப் போகிறது. 2019-இல் புக்கிட் பாத்தோக் வீட்டுத் தீயில் மின்ஸ்கூட்டர்கள் எரிந்து ஓர் உயிர் போனதை வீவக அடுக்குமாடி வீட்டில் இருக்கிற யாரும் மறந்திருக்க மாட்டோம்.

அடுத்த சனிக்கிழமை ஜாலான் புசார் பக்கம் சிம் லிம் டவருக்குப் போனேன். உதிரிப் பாகங்கள் விற்கும் கடைகளில் ஒன்றில் ஒரு சீன அங்கிள். ஒரிஜினலா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் இரண்டு செல்லை மேசையில் வைத்தார். "நீயே சொல்லு."

இரண்டும் ஒரே பச்சை உறை, ஒரே எழுத்து. நான் தோற்றுப்போனேன். பிறகு அவரே ஒன்றைத் திருப்பி அடிப்பாகத்தை விளக்குக்கு நேராகக் காட்டினார். வழவழவென்று இருக்கவேண்டிய தகட்டில் ஊசி குத்தியதுபோல் நாலு புள்ளி, பக்கத்தில் அரம் தேய்த்த கீறல். பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து நிக்கல் பட்டையைப் பிய்த்து எடுத்த ஸ்பாட் வெல்டிங் தழும்பு அது. தழும்பைத் தேய்த்துவிட்டுப் புது உறை சுருக்கிப் போட்டால் யாருக்குத் தெரியும்? ஏமாந்து தான் வாங்கியதை, கேட்கிறவர்களுக்குக் காட்டுவதற்கென்றே வைத்திருந்தார்.

நான் எடுத்தது சாம்சங் 35ஈ, எட்டு. ஆறு போதும், இரண்டு உபரி. விளக்குக்கு அதிக ஆம்பியர் தேவையில்லை, கொள்ளளவுதான் முக்கியம் என்பதால் இந்த ரகம். ஒன்று ஏழரை வெள்ளி. ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும்: இந்தக் கம்பெனிகள் செல்லைத் தனித்தனியாக நம்மைப் போன்றவர்களுக்கு விற்பதற்காகச் செய்வதில்லை. பேட்டரி கட்டுகிறவர்களுக்குப் போய், எப்படியோ கைமாறித்தான் கடைக்கு வருகிறது. அதனால் உறையில் பெயர் சரியாக இருக்கிறது என்பதோடு நிறுத்தக்கூடாது.

கடையிலேயே வோல்ட்டேஜ் பார்த்தேன். எட்டும் 3.48. புதுச் செல்லை முழுச் சார்ஜில் அனுப்பமாட்டார்கள், மூன்றரையை ஒட்டி இருப்பதே நல்ல அடையாளம். எல்லாம் ஒரே எண்ணைக் காட்டியது அதைவிட நல்லது, ஒரே லாட் என்று நம்பலாம். இரண்டு வோல்ட்டுக்கும் கீழே விழுந்து கிடக்கும் செல்லை "சார்ஜ் போட்டா ஏறிடும்" என்று யாராவது தந்தால் ஓசி என்றாலும் வாங்காதீர்கள். அவ்வளவு வடிந்தால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கலாம். திரும்பச் சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறு இடத்தில் படிந்து ஷார்ட் ஆகலாம்.

அடுத்து உள்மின்தடை, அதாவது மின்சாரம் வெளியே வர செல்லே உள்ளுக்குள் கொடுக்கும் தடை. சாதாரண மல்ட்டிமீட்டரில் ஓம் வைத்து இதை அளக்க முடியாது. நாலு கம்பி போட்டு 1 கிலோஹெர்ட்ஸில் அளக்கிற சின்ன மீட்டர் தனியாக இருக்கிறது, அங்கிளிடம் இருந்தது. 23, 24, 23, 22 என்று மில்லிஓமில் வந்துகொண்டே இருந்தது. ஏழாவது 31. கம்பெனி விவரத்தாளில் 35 வரை ஏற்கிறார்கள், ஆக அது தேறிய செல்தான். "பாஸ்லா, பாஸ்" என்றார் அங்கிள். எனக்கு மனசு ஒப்பவில்லை. கூடப் பிறந்த ஏழு பேரும் ஒரே மாதிரி இருக்க இவன் மட்டும் ஏன் தனியாக நிற்கிறான்? பேனாவால் ஒரு புள்ளி வைத்து வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் நாலு செல் போடும் சார்ஜரில் கொள்ளளவுச் சோதனை. ஏற்றி, அரை ஆம்பியரில் இறக்கி, மறுபடி ஏற்ற ஒரு நாள் போய்விடுகிறது. நாலு நாலாகப் போட்டால் எட்டுக்கும் இரண்டு தடவை. தூங்கும்போது போடவில்லை. வேலை முடிந்து வந்து போடுவது, படுக்கும் முன் எடுப்பது என்று ஒரு வாரம் இழுத்தது. எல்லாம் 3270-க்கும் 3310 எம்ஏஎச்சுக்கும் இடையில். குறைகிறதே என்று பயப்படவேண்டாம், கம்பெனி 2.65 வோல்ட் வரை இறக்கி 3350 என்று உறுதி சொல்கிறது, என் சார்ஜர் 2.8-இலேயே நிறுத்திக்கொள்ளும். புள்ளி வைத்தவனும் 3290 தந்தான். அங்கிள் சொன்னது சரிதானோ என்று நினைத்தேன்.

பிறகு முழுச் சார்ஜில் எட்டையும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். பத்து நாள் தொடவில்லை. மைத்துனன் மட்டும் தினமும் "கட்டியாச்சா மாமா?" என்று செய்தி அனுப்பிக்கொண்டிருந்தான். பதினோராம் நாள் எடுத்து அளந்தால் ஏழும் 4.18 வோல்ட். புள்ளிக்காரன் 4.09. சும்மா கிடக்கும்போதே கசிந்திருக்கிறான். பேரலலில் போட்டிருந்தால் பக்கத்துச் செல்லையும் சேர்த்து வடித்திருப்பான், கொள்ளளவை மட்டும் பார்த்திருந்தால் அவனைக் காவடியில்தான் கட்டியிருப்பேன்.

திருப்பிக் கொண்டுபோய்க் காட்டினேன். அங்கிள் தன் மீட்டரில் ஒரு தடவை பார்த்துவிட்டு, பேசாமல் வேறு ஒன்று தந்தார்.

மற்ற ஏழில் ஆறை நிக்கல் பட்டை போட்டு வெல்ட் செய்து, சார்ஜ் எல்லை மீறாமல் செல்களைக் காக்கும் 3எஸ் பிஎம்எஸ் போர்டு வைத்து, ஃபியூஸும் சேர்த்து, வேல் எதுவும் படாதபடி பின்பக்கச் சட்டத்தில் கெட்டி டப்பாவுக்குள் கட்டினேன். அன்று காவடி நிற்கிற இடத்திலெல்லாம் டப்பாவைத் தொட்டுப் பார்த்தபடியே நடந்தேன், சூடே இல்லை. டேங்க் ரோடு வாசலில் வலதுபக்கத் தோகைக்குக் கீழே ஒரு முழம் பட்டி மட்டும் அணைந்திருந்தது. சாலிடர் விட்டுப்போயிருந்தது. அது நான் வைத்த சாலிடர்.