சின்னக் குறை, இரண்டு பதினைந்து நாள்

ஒன்ராறியோவில் ஏ-இசட் (ட்ரெயிலர் இழுக்கும், காற்று பிறேக் உள்ள ட்ரக்குக்கான) லைசென்ஸ் எடுத்துப் புதிதாக ட்ரக் ஓட வருபவர்கள் பிறேக்குக்கும் ரயருக்கும்தான் பயப்படுவார்கள். பயப்படத்தான் வேண்டும். ஆனால் ட்ரக்குகளை எடைபோட்டுச் சோதிக்கும் ஸ்கேலில் அதிகாரி நீட்டும் ரிக்கெற் இலக்கத்தகட்டு லைற்றுக்கோ, கிழிந்த மட்ஃப்ளாப்புக்கோ, கட்டாமல் கிடக்கும் தீயணைப்புக் கருவிக்கோ ஆகவும் இருக்கலாம். தண்டம் பெரிதில்லை என்று அன்று பின்னேரமே காசைக் கட்டிவிட்டு மறந்துவிடுவதுதான் பிழை. காசு கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். சாமான் பற்றிய குற்றம் என்பதால் உங்கள் லைசென்ஸில் டிமெரிட் புள்ளி ஏறாமல் போகலாம். ஆனால் கொம்பனியின் வண்டிகளும் ட்ரைவர்களும் செய்த குற்றங்களை ஒன்ராறியோ குறித்து வைக்கும் சீ-வி-ஓ-ஆர் பதிவில் அது ஏறும். ரிக்கெற் ட்ரைவரின் பெயரில் இருந்தாலும் அப்படித்தான்.

ஊரில் லொறி ஓடியவர்களுக்கு வீதிச் சோதனை என்றால் பெரும்பாலும் கடதாசி காட்டுவது. இங்கே போக்குவரத்து அமைச்சின் அதிகாரி ரோர்ச் லைற்றோடு வண்டிக்குக் கீழேயே போவார். எரியாத ஒரு லைற் அவரை நிற்பாட்ட வைக்கிறது. நிற்பாட்டியபின் அவர் அந்த லைற்றோடு விட்டுவிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஒன்ராறியோவின் தினசரிச் சோதனைப் பட்டியல், அதாவது ஷெடியூல் 1, குறைகளை மைனர், மேஜர் என்று இரண்டாகப் பிரிக்கிறது. மைனர் என்றால் அறிக்கையில் எழுதி, கொம்பனிக்கு அறிவித்துவிட்டு ஓடலாம். மேஜர் என்றால் திருத்தும்வரை வண்டி அசையக் கூடாது. லைற் விசயத்தில் இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதைப் பாடமாக்கி வைத்திருங்கள். கடைசிப் பின்பக்கத்து பிறேக் லைற் ஒன்று எரியாவிட்டால் மைனர், இரண்டும் எரியாவிட்டால் மேஜர். ஆனால் கடைசிப் பின்பக்கத்து சிக்னல் லைற்றில் ஒன்றே ஒன்று போனாலும், பட்டப்பகலிலும் அது மேஜர். இரண்டு ரெயில் லைற்றும், லோ-பீம் ஹெட்லைற் இரண்டும் போவது, லைற் போட்டு ஓடவேண்டிய நேரத்தில் மேஜர். ‘கடைசிப் பின்பக்கம்’ என்பது ட்ரெயிலர் கொழுவியிருந்தால் ட்ரெயிலரின் பின்பக்கம். வேறு ஆளின் ட்ரெயிலர், யார்டில் இப்போதுதான் கொழுவினேன் என்ற கதை எடுபடாது. கொழுவியவர்தான் பொறுப்பு.

அந்தத் தினசரி அறிக்கை 24 மணித்தியாலத்துக்குச் செல்லும். மைனர் குறையை அதில் நீங்களே எழுதி வைத்திருந்தால் ரிக்கெற்றே வராது என்று நினைக்க வேண்டாம், குறைக்கான ரிக்கெற் வரலாம். ஆனால் கண்ட குறையை எழுதாமல் விட்டது இரண்டாவது குற்றம். எல்லாவற்றுக்கும் ‘குறையில்லை’ என்று கோடு இழுத்த கடதாசியை, லைற் எரியாத ட்ரெயிலருக்குப் பக்கத்தில் நின்று அதிகாரியிடம் கொடுப்பது மாதிரி மோசமான நிலை வேறில்லை.

லைற் ஏன் போகிறது என்றால், கனடாவில் பாதிப் பதில் உப்பு. பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு, ட்ரக்கையும் ட்ரெயிலரையும் இணைக்கும் ஏழு பின் கேபிளின் தலைக்குள் போய்ச் செம்பைப் பச்சையாக்கிவிடும். வயர் நிறங்கள் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது: வெள்ளை எர்த், கறுப்பு பக்க மார்க்கர் லைற்றுகள், மஞ்சள் இடது சிக்னல், சிவப்பு பிறேக், பச்சை வலது சிக்னல், மண்ணிறம் ரெயில் லைற்றும் இலக்கத்தகட்டு லைற்றும், நீலம் ஏ-பி-எஸ் (பிறேக் பிடிக்கச் சில்லு இறுகி வழுக்காமல் தடுப்பது). ரெயில் லைற்றும் தகட்டு லைற்றும் ஒன்றாகப் போனால் மின்குமிழைக் கழற்றிக்கொண்டு நிற்காதீர்கள், மண்ணிற வயரைப் பாருங்கள். பிறேக்கை மிதிக்க எல்லா லைற்றும் மங்கினாலோ, சிக்னல் போட வேறேதோ மினுங்கினாலோ வெள்ளை வயரில் சந்தேகப்படுங்கள். பின்களைச் சின்னக் கம்பித் தூரிகையால் தேய்த்து, டைஎலெக்ட்ரிக் கிறீஸ் கொஞ்சமாகப் பூசினால் போதும். ஒன்று மட்டும் செய்ய வேண்டாம்: ரெஸ்ற் லைற்றின் ஊசியால் வயரின் தோலைக் குத்திப் பார்ப்பது. அந்த ஓட்டையால் உப்புத்தண்ணீர் உள்ளே ஊறி, அடுத்த பனிக்காலத்தில் அதே வயர் நடுவில் அறுந்து நிற்கும்.

எல்-ஈ-டி லைற்றின் முகம் பெரிதாகச் சூடாகாது, அதனால் அதன்மேல் விழுந்த பனி உருகாது. லைற் நன்றாகவே எரிந்துகொண்டிருக்கும், பின்னால் வருபவருக்கு ஒன்றும் தெரியாது. மூடிய லைற்றும் குறைதான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் துடையுங்கள்.

காற்றுக் கசியும் சத்தம் கேட்டால் அதுவும் மைனர் பட்டியலில் இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டிய இடம், ட்ரக்கின் காற்றுக் குழாயை ட்ரெயிலரோடு கொழுவும் கிளாட்ஹேண்டின் இறப்பர் வளையம். குளிரில் விறைத்து வெடிக்கும். நாலு வளையம் காபினில் போட்டு வைத்தால் ஸ்க்ரூ ட்ரைவராலேயே மாற்றலாம்.

எல்லை தாண்டி அமெரிக்கா ஓடுபவர்களுக்குக் கணக்கே வேறு. அங்கே ரிக்கெற் கொடுக்காமல் சோதனை அறிக்கையில் மட்டும் குறையை எழுதினாலும் அது அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களம் கொம்பனிக்குக் கொடுத்த டி-ஓ-டி இலக்கத்தில் ஏறும். அந்தக் குறைக்கான புள்ளியை முதல் ஆறு மாதம் மூன்று மடங்காகக் கணக்கிடுவார்கள், அடுத்த ஆறு மாதம் இரண்டு மடங்கு, அதன்பின் 24 மாதம் முடியும்வரை ஒரு மடங்கு. அங்கே அதிகாரிகள் பார்க்கும் சாமான்களையும் தெரிந்து வையுங்கள். முக்கோணப் பிரதிபலிப்பான் மூன்று வேண்டும். அபாயகரமான சரக்கு ஏற்றாத வண்டிக்குத் தீயணைப்புக் கருவி குறைந்தது 5 பி-சி (எண்ணெய், மின்சாரத் தீயை அணைக்கும் திறன்) அளவு. முள் பச்சையில் நிற்பது மட்டும் போதாது, கருவி பூட்டிலே இறுக்கமாக நிற்க வேண்டும். படுக்கைக்குக் கீழே உருண்டுகொண்டிருந்தால் அது இல்லாத கணக்கு. ரயர் பள்ளம் முன் அச்சில் 4/32 அங்குலம், மற்றவற்றில் 2/32. வண்டி பழுதாகி ஓரங்கட்டினால் 10 நிமிடத்துக்குள் முக்கோணம் வைக்க வேண்டும். பிரிக்கப்பட்ட நெடுஞ்சாலையில் வருகிற வாகனங்களின் பக்கமாக 10, 100, 200 அடியில்.

இனி அந்தப் பதினைந்து நாள்கள். ஒன்ராறியோ ரிக்கெற் கிடைத்தால் 15 நாளுக்குள் காசு கட்டலாம், வழக்குத்தொடுநரைச் சந்தித்துப் பேசக் கேட்கலாம், அல்லது விசாரணை கேட்கலாம். ஒன்றும் செய்யாமல் விட்டால் நீங்கள் இல்லாமலேயே குற்றவாளி என்று பதிவாகும். சந்திப்புக்குப் போகிறவர் கையில் திருத்திய பில், திகதியோடு படம், அன்றைய தினசரி அறிக்கை மூன்றும் இருக்க வேண்டும். திருத்திவிட்டேன் என்பதால் குற்றம் இல்லாமல் போகாது. ஆனால் பேசுவதற்கு ஏதோ ஒன்று கையில் இருக்கும். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் தமிழ் என்று படிவத்திலேயே எழுதிக் கேளுங்கள்.

மற்றப் பதினைந்து நாள் அமெரிக்கச் சோதனை அறிக்கைக்கு. ட்ரைவர் அதைத் தாமதிக்காமல் கொம்பனியிடம் சேர்க்க வேண்டும். கொம்பனி குறைகளைத் திருத்தி, கையெழுத்துப் போட்டு, 15 நாளுக்குள் அறிக்கையில் குறித்த இடத்துக்குத் திருப்பி அனுப்பி, பிரதியை 12 மாதம் வைத்திருக்க வேண்டும். கையுறைப் பெட்டிக்குள் கசங்கிக் கிடக்கும் அறிக்கையால் கொம்பனி மாட்டுப்படும், கொம்பனியிடம் நீங்கள் மாட்டுப்படுவீர்கள். அறிக்கையில் எழுதியதே பிழை என்றால், அல்லது அதோடு வந்த ரிக்கெற்றை நீதிமன்றம் தள்ளுபடி செய்தால், டேற்றாகியூஸ் என்ற இணைய வழியில் கொம்பனி திருத்தம் கேட்கலாம்.

2025 ஜூன் 25 முதல், அமெரிக்காவில் வீதியோரத்தில் அதிகாரியுடன் ஆங்கிலத்தில் பேச முடியாத ட்ரைவரை அந்த இடத்திலேயே ஓட விடாமல் நிறுத்துகிறார்கள். எங்கிருந்து எங்கே போகிறீர்கள், என்ன சரக்கு, எத்தனை மணிக்கு வண்டி எடுத்தீர்கள், எந்த லைற் எப்போது போனது என்பதை ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கள். வீதிப் பலகைகளையும் கேட்பார்கள்.